சர்க்கார் ஆபீஸ் மாதிரி ஒரு ரேடியோ

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்ன சண்டை. பயந்துடாதீங்க, அடிதடி எல்லாம் இல்லை. அக்கா பையன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். சமையல்கட்டில் வழக்கம்போல ஆகாசவாணியின் 'ராகம்' ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஜலதரங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். பையன் இரண்டு வாய் சாம்பார் சாதம் உள்ளே போனதும் ஆரம்பித்தான்.

"மாமா, இதையெல்லாம் யாரு கேக்குறாங்க?"

"நான் கேக்குறேன்டா."

"உங்களைத் தவிர?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் எனக்குத் தெரிந்து இன்னும் நாலு பேர். அதில் ஒருத்தர் எதிர்வீட்டு மாமி, அவங்களுக்குக் காது சரியாகக் கேட்காது.

"பேசுறவங்க குரலைக் கேளுங்க மாமா. ரேஷன் கடையில டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரி இருக்கு. ஒரு ஜோக் கிடையாது, ஒரு கதை கிடையாது. அப்படியே கவர்மென்ட் ஆபீஸ்!"

திட்டுகிறானாம். அப்போதைக்கு "சாப்பிடுறா முதல்ல" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக அதே நினைப்பு. யோசிக்க யோசிக்க, பயல் சொன்னது நூத்துக்கு நூறு சரி என்றுதான் தோன்றுகிறது. அது சர்க்கார் ஆபீஸ் மாதிரிதான் நடக்கிறது. அதனால்தான் எனக்கு அதைப் பிடித்திருக்கிறது. அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். (முப்பது வருஷமா ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடிச்சவன் வேற எப்படி யோசிப்பான்னு கேக்கறீங்களா? அதுவும் நியாயம்தான்.)

தெரியாதவர்களுக்காக ஒரு முன்கதைச் சுருக்கம். 'ராகம்' என்பது 2016 ஜனவரி 26ம் தேதி பிரசார் பாரதி ஆரம்பித்த சேனல். இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம்தான். கர்நாடக இசையும் உண்டு, ஹிந்துஸ்தானியும் உண்டு. டிடிஹெச்சில் வரும், இணையத்தில் வரும், மொபைல் ஆப்பிலும் வரும். நான் கேட்பது மொபைலில்தான். பழைய டம்ளர் ஒன்றில் போனைப் போட்டு வைத்தால் சத்தம் கொஞ்சம் தூக்கலாக வரும். ஸ்பீக்கர் வாங்கச் சொல்லி வீட்டில் திட்டு விழுகிறது.

இப்போது விஷயம்.

அறிவிப்பாளரை எடுத்துக்கொள்வோம். ஒரு கச்சேரி ஆரம்பிக்கும் முன் யார் பாடுகிறார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் இருந்தால் கடம் யார் என்று சொல்வார். பாட்டு என்ன, ராகம் என்ன, தாளம் என்ன, இயற்றியவர் யார். அவ்வளவுதான், அப்புறம் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். "இந்த ராகம் உங்கள் மனசை வருடும்" என்று நமக்குப் பாடம் எடுக்கமாட்டார். பாடுகிறவரோடு தனக்கு இருக்கும் நெருக்கத்தைக் காட்டிக்கொள்ளமாட்டார். பக்கவாத்தியக்காரர் பேரை முழுங்கவும் மாட்டார். சபா போஸ்டரைப் பாருங்கள். பாடுகிறவர் படம் அரை ஆள் உயரத்துக்கு இருக்கும், மிருதங்கம் வாசிக்கிறவர் பேரை பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டும். ரேடியோவில் எல்லாப் பேரும் ஒரே குரலில், ஒரே சத்தத்தில் வரும். டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றானே, ஆமாம்டா! டோக்கன் என்றால் என்ன? வரிசையில் நிற்கிற எல்லோரும் சமம் என்று அர்த்தம்.

இங்கே எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

சித்தப்பா மிருதங்க வித்வான். ஊர் லால்குடி. லால்குடி என்றாலே எல்லோருக்கும் வயலின்தான் ஞாபகம் வரும். அந்தப் பெருமையில் பாதி நிழலில், பாதி வெயிலில் வாழ்ந்த மனுஷன். பெரிய வித்வான் எல்லாம் இல்லை. கல்யாணக் கச்சேரி, கோயில் உற்சவம், ராதா கல்யாணம், நாலு பையன்களுக்கு டியூஷன், இதுதான் வாழ்க்கை. கல்யாணக் கச்சேரியில் சம்பாவனை என்பது பெண் வீட்டுக்காரர் மூடைப் பொறுத்தது. சம்பந்தி சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு மிருதங்கத்துக்கும் பாதிதான். பேசின தொகை ஒன்று, கவரில் இருப்பது ஒன்று. கேட்கவும் முடியாது, அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

ஆனால் வருஷத்தில் நாலைந்து தடவை தபாலில் பழுப்பு கவர் ஒன்று வரும். திருச்சி வானொலி நிலையத்தின் காண்ட்ராக்ட். என்ன தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், எவ்வளவு பணம் என்று எல்லாமே அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். சித்தப்பா வாழ்க்கையில் சங்கீதத்துக்காக அவரிடம் எழுத்தில் பேசின ஒரே இடம் அதுதான். அன்றைக்குக் காலையில் வேஷ்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, மிருதங்கத்துக்கு உறை போட்டு, பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். சித்தி பக்கத்து வீட்டுக்கெல்லாம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுவாள். நாங்கள் எல்லோரும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்போம். பாடுகிறவர் யார் என்றே எங்களுக்குக் கவலை இல்லை. "மிருதங்கம்..." என்று சொல்லி ஒரு சின்ன இடைவெளி விட்டு சித்தப்பா பேரைச் சொல்வார் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு செகண்டில் சித்தி முகத்தைப் பார்க்கவேண்டும்.

அவர் 'பி ஹை' கிரேடு. ஆகாசவாணியில் பி, பி ஹை, ஏ, டாப் என்று படிகள் உண்டு. சங்கீதத்துக்குப் போய் கிரேடு போடுவதா, முட்டை விக்கிற கடையா என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. இந்த ஏற்பாட்டின் கதை கொஞ்சம் சுவாரசியமானது.

1952ல் பி.வி.கேஸ்கர் என்பவர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். 1962 வரை அவர்தான். ரேடியோவில் பாடுகிற எல்லோரும் ஆடிஷன் கொடுத்துத் தேறவேண்டும் என்ற முறை அவர் காலத்தில் வந்தது. பாடுகிறவரின் பெயர் தெரியாமல், குரலை மட்டும் கேட்டு நடுவர்கள் மார்க் போடவேண்டும். ஆள் யார், எந்தக் குருவின் சிஷ்யர், எந்த ஜில்லா, என்ன ஜாதி, யார் சிபாரிசு என்று எதுவும் அவர்களுக்குத் தெரியக்கூடாது. நியாயமாகவே பெரிய கலைஞர்களுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் மேடையில் வாசித்துவிட்டு இப்போது போய் பரீட்சை எழுதணுமா என்று கேட்டார்கள். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லால்குடியில் சிபாரிசுக்கு ஆள் இல்லாத ஒருத்தர் கோணத்தில் இருந்து பாருங்கள். வாழ்நாளில் முதல்முறையாக, "நீ யாரு பையன்?" என்று கேட்காமல் வாசிக்கச் சொன்னார்கள். சித்தப்பா மூன்றாவது தடவைதான் தேறினார். முதல் இரண்டு தடவை ஏன் போச்சு என்று கேட்டால், "வாசிப்பு பத்தலை, வேற என்ன" என்பார். சபாக்காரர்களைப் பற்றி ஒரு தடவைகூட இவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேஸ்கரை முழுசாக மெச்சவும் முடியாது. சினிமாப் பாட்டு மட்டம் என்று முடிவு கட்டி ரேடியோவில் இருந்தே ஓரம் கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சத்தம் போடாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3ம் தேதி விவித் பாரதி என்று ஆரம்பித்துத் தோல்வியை ஒத்துக்கொள்ளவேண்டி வந்தது. அதற்கும் முன்னால் 1940ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டார்கள். கமகம் வராத வெளிநாட்டுப் பெட்டியாம். முப்பது வருஷம் கழித்து 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. ஆக, ஆபீஸ் ரசனை பார்த்து முடிவெடுக்க ஆரம்பித்தபோதெல்லாம் சொதப்பித்தான் இருக்கிறது. இது நல்ல சங்கீதம், இது கெட்ட சங்கீதம் என்று நாட்டாமை பண்ணாமல், விதியை எழுதி வைத்து அதன்படி எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட இடத்தில்தான் அது ஜெயித்தது. நான் பாராட்டுவது ஆபீஸின் ரசனையை இல்லை, ஆபீஸின் ரெஜிஸ்டரை.

இதில் நம்ம சென்னைக்கு ஒரு முன்கதை உண்டு. 1924ல் சென்னையில் சில ஆர்வலர்கள் சேர்ந்து ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பினார்கள். காசு இல்லாமல் 1927ல் அது படுத்துவிட்டது. அப்புறம் 1930ல் அந்த வேலையை எடுத்து நடத்தினது யார் தெரியுமா? சென்னை கார்ப்பரேஷன்! குப்பை வண்டி, தெரு விளக்கு, குழாய்த் தண்ணி, கூடவே சங்கீதம். 1938 ஜூன் 16ம் தேதி ஆல் இந்தியா ரேடியோ சென்னைக்கு வரும்வரை இப்படித்தான் ஓடியது. அடுத்த வருஷம், 1939 மே மாதம், திருச்சி நிலையம். தெரு விளக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாராவது கணக்கு எடுக்கிறார்களா? இதைப் பையனிடம் அப்போதே கேட்டிருக்கலாம். எனக்கு எப்பவும் பதில் நாலு நாள் கழித்துத்தான் வரும்.

சரி, 'ராகம்' பக்கம் வருவோம். சித்தப்பா காலத்து ரேடியோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதில் வருவதில் பெரும்பகுதி அதே முறையில் தேறி வந்தவர்களின் வாசிப்பு. பாட்டு ஆப்கள் எல்லாம் என்னிடமும் இருக்கின்றன, நான் ஒன்றும் ஞானி இல்லை. ஒரு கல்யாணி கேட்டால் அது என்ன செய்கிறது? நீங்கள் கேட்டதையே கேட்டவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று பார்த்து அதையே போடுகிறது. கொஞ்ச நாளில் நமக்கு ஆறு பாடகர்கள், முப்பது பாட்டு என்று ஆகிவிடுகிறது. ஏற்கனவே பிரபலமானவர் மேலும் பிரபலம் ஆகிறார். எனக்கும் அதில் தப்பு தெரிவதில்லை, ஏனென்றால் எனக்குப் பிடித்ததுதானே வருகிறது!

ராகத்தில் எனக்குப் பிடிக்காததும் வரும். இதை நான் நிஜமாகவே நன்றியோடு சொல்கிறேன். சாரங்கி என்ற வாத்தியத்தை முதலில் கேட்டபோது எழுந்து போய் நிறுத்தலாமா என்று யோசித்தேன். கையில் மாவு. கையைக் கழுவி வருவதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிட்டது, அதற்கப்புறம் நிறுத்த மனசு வரவில்லை. கோட்டுவாத்தியம், கிளாரினெட், ருத்ர வீணை என்று சபா வாசலில் கூட்டம் சேர்க்கமுடியாத வாத்தியங்களுக்கு எல்லாம் இந்த நாட்டில் நிலையான ஒரு திண்ணை என்றால் ரேடியோ ஸ்டேஷன்தான். இன்னொன்று, சபா என்றால் கச்சேரி பெரும்பாலும் சாயங்காலம்தான். விடியற்காலை ராகம் என்று ஹிந்துஸ்தானியில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. லலித், ஆஹிர் பைரவ் எல்லாம் அந்த நேரத்துக்கு உரியவை. காலை ஆறு மணிக்கு எந்த ஹாலில் டிக்கெட் விற்பது? ரேடியோவின் காலை நேரம் இல்லாவிட்டால் அவற்றுக்கு இடம் இன்னும் சுருங்கிப் போயிருக்கும்.

தெற்கத்திக்காரனுக்கு வடக்கத்திச் சங்கீதத்தைக் காதில் போட்டதும் இதே ஆபீஸ்தான். 1952ல் ஆரம்பித்த தேசிய சங்கீத நிகழ்ச்சியை சனிக்கிழமை ராத்திரி நாடு முழுக்க அஞ்சல் செய்வார்கள். ஒரு நாள் நம்ம ஊர்க்காரர் என்றால் இன்னொரு நாள் சிதார், ஷெனாய். "என்னடா இது, ஒரே ஸ்வரத்துல அரை மணி நேரம் நிக்கறான்" என்று எங்கள் அப்பா அலுத்துக்கொள்வார். ஆனால் ரேடியோவை அணைக்கமாட்டார். சர்க்கார் போடுகிறது என்றால் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்பின தலைமுறை. சிரிக்காதீங்க, அப்படித்தான் இருந்தார்கள்.

(சம்பந்தம் இல்லாத ஒரு தகவல்: ஆகாசவாணியின் அந்தக் காலை முகப்பிசை இருக்கிறதே, வயலினும் தம்பூராவுமாக, அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற யூதர். ஐரோப்பாவில் இருந்து பம்பாய்க்குத் தஞ்சம் வந்தவர். அகதியாக வந்தவர் போட்ட மெட்டில்தான் நம்ம தாத்தா பாட்டி எல்லாம் கண் விழித்தார்கள்.)

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதானே என் தொழில். மார்கழி சீசனில் புதுசாகப் பாட வருகிற பிள்ளைகளிடம் சில இடங்களில் நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு மேடை கொடுக்கிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. பத்திரிகைகளிலேயே விவாதித்திருக்கிறார்கள். எங்கே, யார் என்று நான் போகவில்லை. இந்தப் பக்கம் ரேடியோவில் பாடினால் நமக்குப் பணம் தருவார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் போக்கு எந்தத் திசையில் என்று பாருங்கள். கிரேடு தேறிவிட்டால் அதற்கு உரிய தொகை, அவ்வளவுதான். பேரம் கிடையாது, பொன்னாடை போர்த்தி அனுப்பும் வித்தையும் கிடையாது. சித்தப்பா காலத்தில் அந்த கிரேடுக்கு இன்னொரு விலையும் இருந்தது. லெட்டர்பேடில் 'அகில இந்திய வானொலிக் கலைஞர்' என்று போட்டுக்கொள்ளலாம். ஊர் உற்சவ நோட்டீஸில் பேருக்கு முன்னால் 'வானொலி புகழ்' என்று வரும். அதற்கப்புறம் கல்யாண வீட்டுக் கவரில் கொஞ்சம் பயம் கலந்த மரியாதை சேர்ந்தது என்று சித்தியே சொல்லியிருக்கிறாள்.

எனக்கு வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிலையத்திலும் நிலைய வித்வான்கள் என்று சம்பளத்துக்கு இருப்பார்கள். வயலின், வீணை, மிருதங்கம் என்று ஒரு சின்ன அரண்மனையே உள்ளே இருக்கும். சமஸ்தானங்கள் போனபிறகு வித்வான்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்த ஒரே ராஜா ரேடியோதான் என்றால் அதிகம் மிகை இல்லை. 1957ல் இருந்து 1960 வரை சென்னை நிலையத்தில் கர்நாடக இசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். எஸ்.ராஜம் அங்கே வேலை பார்த்தார். இப்போது ஒருத்தர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது என்று செய்திகளில் படிக்கிறோம். பழைய ஒலிப்பதிவு பீரோ நிறைய இருக்கிறது, அதை வைத்து ஒரு சேனலை இன்னும் பல வருஷம் ஓட்டிவிடலாம். நன்றாகவே ஓடும், நானும் கேட்பேன். ஆனால் பீரோவுக்குள் புதுசாக யார் வரப்போகிறார்கள்? பையன் கேட்ட "யாரு கேக்குறாங்க" எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. இன்றைக்கு ஏதோ ஒரு சின்ன ஊரில் மிருதங்கம் கற்றுக்கொள்கிற பையனுக்குப் பழுப்பு கவர் வருமா என்பதுதான் என் கேள்வி.

கேட்பவர் தலையை எண்ணினால் இந்தச் சேனல் நாளைக்கே தோற்றுவிடும். வாசிப்பவர் தலையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்குக்கு எந்த டிஆர்பியிலும் பத்தி கிடையாது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ்காரனாகச் சொல்கிறேன், பத்தி இல்லாத காரணத்தால் ஒரு சொத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டால் அது தப்புக் கணக்கு.

சித்தப்பா போய் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் காண்ட்ராக்ட் காகிதங்களை எல்லாம் சித்தி ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறாள். மிருதங்கத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், ஃபைலைக் கொடுக்கவில்லை. போன தடவை லால்குடி போனபோது புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு நாகஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. தோடி மாதிரி இருக்கிறது. அறிவிப்பாளர் பேர் சொல்லும்போது குக்கர் விசில் அடித்துவிட்டது, முடியும்போது மறுபடி சொல்வார். தவில் யார் என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். வரட்டுமா?

பி.கு: அக்கா பையன் இந்த ஞாயிறும் வருகிறானாம். ஜலதரங்கம் வந்தால் என்னைக் கூப்பிடாதீங்க என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.